அளவில் ஒரு பொய்

வரவில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் உள்ளே போய் முக்கால் மணி நேரம் ஆகிறது, வருகிற மாதிரி ஒரு அறிகுறியும் இல்லை. இதை எங்கே போய்ச் சொல்லி அழுவது என்று இருந்தது சௌந்தரபாண்டிக்கு. ஒரு வருஷமாக, வேண்டாம் வேண்டாம் என்றாலும் நேரங்கெட்ட நேரத்தில் வந்து உயிரை வாங்கியது. பஸ்ஸில் ஏறினால் வந்தது, கல்யாண வீட்டில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தால் வந்தது, கடையில் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தால் வந்தது. இன்றைக்கு வா ராசா என்று வெற்றிலை பாக்கு வைக்காத குறையாக அழைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், மகராசன் அசைய மாட்டேன் என்கிறான். மதுரையில் அந்த ஆஸ்பத்திரியின் முதல் மாடி ஹாலில் அவரைப் போலவே ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு ஆம்பளைகள், எல்லாம் ஐம்பதைத் தாண்டியவர்கள், யார் முகத்தையும் யாரும் பார்க்காமல் ஓடாத டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஒரு அறையில் ஒரு புனல் இருக்கிறதாம். அதில் ஒன்றுக்குப் போக வேண்டும், எவ்வளவு வேகமாகப் போகிறது என்று கீழே இருக்கிற மிஷின் தாளில் கோடு போட்டுக் காட்டும். நர்ஸ் பெண் காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள்: "ஐயா, முட்டிக்கிட்டு வந்தாத்தான் உள்ள வரணும். அரைகுறையா வந்தா கோடு சரியா விழாது, மறுபடி மொதல்ல இருந்து தண்ணி குடிக்கணும்." கால் மணிக்கு ஒரு தரம் கதவைத் திறந்து "யாருக்கு வந்துருச்சு?" என்று ஏலம் விடுகிற மாதிரி கேட்கிறாள். வந்தவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போல விரலைத் தூக்குகிறார்கள். பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி பவளம் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வாரமாக அவள் சரியாகப் பேசவில்லை. சாப்பிடுங்க, குளிங்க, மாத்திரை போட்டாச்சா, அவ்வளவுதான். இந்தக் கோடு விழுந்ததும் டாக்டர் அறைக்குப் போக வேண்டும். புராஸ்டேட்டை எடுத்துவிடுவதா, கரண்டு வைத்துப் பார்ப்பதா என்று இன்றைக்கு முடிவைச் சொல்ல வேண்டும். அந்த முடிவு இன்னும் அவருக்கு வரவில்லை.

புராஸ்டேட். ஐம்பத்தொன்பது வயது வரை அந்தப் பெயரில் ஒரு சாமான் தனக்குள் இருப்பதே அவருக்குத் தெரியாது. திண்டுக்கல்லில் முப்பத்துமூன்று வருஷமாக ஜென்ட்ஸ் டெய்லர், எத்தனை ஆயிரம் ஆம்பளைகளின் இடுப்பிலும் தொடையிலும் டேப் வைத்து அளந்திருப்பார், அத்தனை பேருக்குள்ளும் மூத்திரப் பைக்குக் கீழே ஒரு பெரிய நெல்லிக்காய் உட்கார்ந்திருக்கிறது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. டாக்டர் நிவேதிதாதான் வெள்ளைத் தாளில் வரைந்து காட்டினாள். வயசு முப்பத்தைந்துகூட இருக்காது, கைதான் என்ன சுத்தம், ஒரே இழுப்பில் வரைந்தாள், நெல்லிக்காயை வரைந்து அதன் வலது ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தாள். புற்று அங்கே இருக்கிறது, இன்னும் தோலைத் தாண்டவில்லை, எலும்பு ஸ்கேன் சுத்தம், நல்ல நேரத்தில் வந்தீர்கள். நல்ல நேரம். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவர் ஒரு வாரத்தை ஓட்டினார். எடுத்துவிட்டால் மொத்தமாக வெளியே போய்விடும், எடுத்ததை முழுசாகப் பரிசோதித்து உள்ளே என்ன இருந்தது என்று பார்த்துவிடலாம், அப்புறம் ரத்தத்தில் இந்தப் புற்றுக்காகப் பார்க்கிற அளவு அனேகமாகப் பூஜ்யத்துக்கு வந்துவிடும், மறுபடி ஏறினால் அப்போது கரண்டு வைத்துக்கொள்ளலாம். இது ஒரு பக்கம். கரண்டு, அதாவது கதிர்வீச்சு என்றால் கத்தி இல்லை, ஆனால் வாரக்கணக்கில் தினமும் திண்டுக்கல்லில் இருந்து வந்து போக வேண்டும், கூட ஊசியும் போட வேண்டும், மலக்குடல் எரிச்சலாகலாம், அங்கே கரண்டு பட்ட பிறகு கத்தி வைப்பது சிரமம். இது இன்னொரு பக்கம். சும்மா விட்டுவிட்டால்? அவருடைய தாய்மாமா ராஜாமணி சும்மா விட்டவர்தான். இடுப்பு வலி என்று ஆறு மாசம் தைலம் தேய்த்தார், தேய்த்த கை ஓய்வதற்குள் ஆள் போய்விட்டார், அது முதுகெலும்புக்கு ஏறியிருந்தது என்று பிற்பாடு சொன்னார்கள். சும்மா விடக்கூடாது. அதில் சந்தேகமே இல்லை. கத்திதான் சரி என்று புத்தி சொல்லியது, கத்தி அவருக்கு அந்நியமும் இல்லை, வெட்டுகிறவன் மனசு வெட்டுகிறவனுக்குத் தெரியும். ஆனால் எடுத்தபின் என்ன? பத்து நாள் குழாய். குழாய் போனபின் சொட்டும், சில மாசம் சொட்டும், நூறில் சில பேருக்கு நிற்காமலே போய்விடும். கடையில் ஒரு பேண்டுக்கு அளவெடுக்க ஒரு தரம் குனிய வேண்டும், கால் நீளத்துக்கு ஒரு தரம் மண்டி போட வேண்டும். அவர் மண்டி போட்டு எழுந்திருக்கும்போது கஸ்டமர் கண்ணில் அது பட்டால்? ஊருக்கெல்லாம் பேண்ட் தைக்கிறவன் பேண்டிலேயே ஈரம். சீ, இந்த நினைப்பே வேண்டாம் என்று பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்கு குடித்தார்.

"ரத்த ரிப்போர்ட் கீழ வந்திருக்குமாம், வாங்கிட்டு வரேன்" என்று பவளம் எழுந்து போனாள். போகும்போது அவர் மடியில் சரிந்திருந்த துண்டை எடுத்து மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுப் போனாள். கோபம் என்றால் துண்டை மடிப்பாளா? மடிப்பாள், கோபத்திலும் மடிப்பாள், இருபது வருஷம் அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குப் பாய் சுருட்டிய கை அது. அவள் எழுந்த நாற்காலியில் ஒரு கனத்த ஆள் வந்து தொப்பென்று உட்கார்ந்தார். துரைசிங்கம், ரிட்டயர்டு சர்வேயர், எட்டு மாசத்துக்கு முன்னாலேயே எடுத்தாச்சு, இப்போது செக்கப்புக்கு வந்திருக்கிறார். கேட்காமலே இத்தனையும் சொன்னார். "பயந்துட்டு இருக்கீங்களாக்கும்? நானும் இப்பிடித்தான் மூஞ்சிய வச்சிட்டு உக்காந்திருந்தேன். ஒண்ணும் இல்ல சார். மொத ரெண்டு மாசம் கஷ்டம், பொய் சொல்லல. தும்முனா சொட்டும், சிரிச்சா சொட்டும், பேத்திய தூக்குனா சொட்டும். பேட் வச்சிட்டுத்தான் பேங்குக்குப் போனேன். அப்புறம் அந்த எக்சர்சைஸ் இருக்கு பாருங்க, போறத நடுவுல நிறுத்துற மாதிரி சதையை இறுக்கணும், விடாம செஞ்சேன். இப்ப மூணு மாசமா ஒரு சொட்டு கெடையாது. தும்மிக் காட்டவா?" என்று உண்மையிலேயே மூக்கைத் தேய்த்துத் தும்மப் பார்த்தார். சௌந்தரபாண்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஒரு வாரத்தில் முதல் சிரிப்பு. தூக்கி வைத்திருந்த ஒரு மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது. சொட்டினால் சொட்டட்டும், பேட் வைத்துக்கொள்வோம், கடையில் பெரிய ஏப்ரனாக ஒன்று தைத்துக் கட்டிக்கொண்டால் யாருக்குத் தெரியும். தன் அளவுக்குத் தனக்கே தைத்துக்கொள்ளத் தெரியாதா. அந்தத் தைரியத்தில், இத்தனை பேசுகிறவரிடம் அதையும் கேட்டுவிடலாம் என்று குரலைத் தாழ்த்தி, "அது… மத்த விஷயம்… வீட்ல…" என்றார். துரைசிங்கம் சட்டென்று இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், எட்டு மாசக் கதையை ஒலிபெருக்கி வைக்காத குறையாகச் சொன்ன வாய் அப்படியே அடங்கிப்போனது. "அதெல்லாம் யார்ட்ட சார் கேக்குறது" என்றார். "அந்த டாக்டர் பொண்ணு கேட்டுச்சு. நான் தலைய ஆட்டிட்டு வந்துட்டேன். எங்க வீட்லயும் ஒண்ணும் கேக்கல, நானும் ஒண்ணும் சொல்லல. போயிருச்சு." சொல்லிவிட்டு ஓடாத டிவியைப் பார்க்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டார்.

போயிருச்சு. அந்தச் சொல் சௌந்தரபாண்டிக்குள் போய் எங்கேயோ மாட்டிக்கொண்டது. போன வாரம் அவரும் தலையைத்தான் ஆட்டினார், இன்னும் மோசம், வாய் திறந்தே சொன்னார். டாக்டர் அதே தாளில் நெல்லிக்காயின் இரண்டு பக்கமும் இரண்டு கோடுகள் இழுத்தாள். இவை நரம்புகள், படுக்கையில் ஆம்பளைக்கு வேண்டியவை, நெல்லிக்காயைத் தொட்டுக்கொண்டே போகின்றன, ஒட்டி வெட்டினால் இவற்றைக் காப்பாற்றலாம், கொஞ்சம் தள்ளி வெட்டினால் இதுவும் சேர்ந்து வரும். பிறகு பேனாவை வைத்துவிட்டு நேராக அவரைப் பார்த்து, "நீங்களும் அம்மாவும் சேர்ந்து இருக்கிறதெல்லாம் இப்ப எப்படி?" என்று கேட்டாள். பக்கத்தில் பவளம் இருந்தாள். எதிரே மகள் வயசுப் பெண் இருந்தாள். பின்னால் ஒரு நர்ஸ் இருந்தாள். அவர் வாய் அவரைக் கேட்காமல், "அதெல்லாம் என்ன டாக்டர், எங்களுக்கு வயசாயிருச்சு, அது ஒண்ணும் முக்கியமில்ல" என்று சொல்லியது. டாக்டர் ஒரு வரி எழுதினாள். "அப்ப நரம்பைப் பத்தி ரொம்ப யோசிக்க வேண்டாம், தாராளமாவே எடுத்துரலாம்" என்றாள். தாராளமாக. வயசாகிவிட்டதாம். யாருக்கு? கல்யாணம் ஆகி இருபத்தேழு மாசம் ஆகிறது. இரண்டு தங்கைகளைக் கரையேற்றிவிட்டு, அவர்களுடைய பிள்ளைகளுக்குக் காது குத்தி, இனி நமக்கென்ன என்று தலைக்கு டை அடிப்பதைக்கூட விட்டபின், ஒரு நாள் தன் செத்துப்போன புருஷனின் நான்கு பேண்டுகளை எடுத்துக்கொண்டு தம்பி அளவுக்குச் சின்னதாக்கித் தரச் சொல்லிக் கடைக்கு வந்தாள் பவளம். நான்கையும் ஒரே நாளில் முடித்திருக்கலாம். ஒவ்வொன்றாக நாலு வாரம் இழுத்தடித்தார், கடையில் கூடத் தைக்கிற ஹனிபா மிஷினை மிதித்துக்கொண்டே அர்த்தத்தோடு தொண்டையைக் கனைத்தான். ஊர் சிரித்தது. இந்த வயசுலயா என்று தங்கைகளே கேட்டார்கள். பேச்சுத்துணைக்கு, சோறாக்கிப் போட ஒரு ஆள் வேணுமே என்று அவர்களுக்கும் ஒரு பொய் சொன்னார், அன்றைக்கு ஆரம்பித்த வழக்கம் அது. சோறாக்கவா? மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனால், வெயிலுக்குச் சன்னலை மூடிய அரை இருட்டில், மின்விசிறியின் சத்தத்தில், அவள் தோளில் முகத்தை வைத்தபோது ஐம்பத்தேழு வருஷமாகத் தன் உடம்பு யாருக்காகவோ சும்மா காத்திருந்தது என்று தெரிந்து அவர் அழுதிருக்கிறார். அவள் ஏன் என்று கேட்கவில்லை. இவ்வளவு நாள் எங்க இருந்தீங்க என்று மட்டும் கேட்டாள். அதை முக்கியமில்லை என்று ஒரு டாக்டரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அவருக்குப் பக்கென்று ஒன்று உறைத்தது. அளவு கொடுக்க வருகிற ஆம்பளை ஒவ்வொருத்தனும் டேப்பை இடுப்பில் வைத்ததும் மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே தள்ளுவான். சார், விடுங்க, இருக்கிறபடி நில்லுங்க, அளவுல பொய் சொன்னா நாளைக்குப் பட்டன் போடுறது நீங்கதான் என்று முப்பத்துமூன்று வருஷமாக ஆயிரம் பேரை அதட்டியிருக்கிறார். அப்படியும் இழுப்பார்கள். இழுத்துவிட்டு, வாரம் கழித்து வந்து, என்ன மாஸ்டர் இறுக்கமாயிருச்சு என்று அவரையே குறை சொல்வார்கள். இப்போது அவர் போய் நின்று அதையே செய்துவிட்டு வந்திருக்கிறார். அந்தப் பெண் பாவம் என்ன செய்வாள், கொடுத்த அளவுக்குத்தானே வெட்டுவாள். துணி என்றால் இன்னொரு முழம் வாங்கிக்கொள்ளலாம். மடையன், அடி மடையன் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

சொல்லிவிட வேண்டும், உள்ளே போனதும் முதல் பேச்சாக. எப்படிச் சொல்வது? டாக்டர், போன தடவை ஒரு சின்ன தப்பு. சின்னதா? டாக்டர், நாங்கள் புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள். கடவுளே, அந்த நர்ஸ் இருப்பாளே. ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால்? எழுதுவதற்கு என்ன வார்த்தை இருக்கிறது? தமிழில் இதற்கு ஒன்று கெட்ட வார்த்தை இருக்கிறது, இல்லாவிட்டால் புலவர் வார்த்தை இருக்கிறது, டெய்லர் சொல்கிற மாதிரி ஒரு வார்த்தையை எவனும் வைத்துவிட்டுப் போகவில்லை. பவளம் பக்கத்தில் இருக்கும்போது சொல்வதா, அவள் வெட்கத்தில் செத்துப்போவாளே. ஒருவேளை அவள் பேசாமல் இருப்பதே அதற்குத்தானோ, ஒரு வேற்று மனுஷியிடம் அந்தப் பேச்சே எழுந்ததற்கோ. அல்லது பயமா? ஒரு புருஷனைப் பறிகொடுத்தவள், இன்னொருவனையும் எமனுக்குக் கொடுக்க நேருமோ என்று குமுறுகிறாளா? அப்படியானால் அவளுக்கு அவர் உயிரோடு இருப்பதுதான் பெரிசு, நரம்பாவது ஒன்றாவது, தாராளமாக எடுத்துவிடுங்கள் என்று அவளே சொல்வாள். உயிர் பெரிசுதான். யார் இல்லை என்றது. ஆனால் அந்த உயிர் எதற்காக வேண்டும் என்று கேட்டால் அந்த மத்தியானங்களுக்காகவும் வேண்டும். ரிப்போர்ட்டோடு பவளம் படியேறி வந்தாள், மூச்சு வாங்கினாள், உட்கார்ந்தாள். "வந்துருச்சா?" என்று மெதுவாகக் கேட்டாள். அந்த நேரம் பார்த்து வந்தது. எங்கே இருந்துதான் வந்ததோ, அடிவயிற்றில் முட்டிக்கொண்டு வந்தது. அவர் விரலைத் தூக்கினார்.

உள்ளே புனல் முன்னால் நின்றபோதும் சட்டென்று போகவில்லை. கதவுக்கு வெளியே நர்ஸ் நிற்பது தெரிந்தால் எவனுக்குப் போகும். வயிற்றை இறுக்கிக்கொண்டு நிற்கிறோம் என்று தெரிந்தது. விடுடா, இருக்கிறபடி நில்லு என்று வாய்விட்டே சொன்னார். விட்டார். ஒல்லியாக, நின்று நின்று, ஆனால் போனது. மிஷின் கிர்ரென்று தாளில் கோடு இழுத்தது. அவ்வளவு சாதாரணமான ஒரு காரியத்தை முடித்துவிட்டு வெளியே வந்தபோது பரீட்சை எழுதி முடித்த மாதிரி லேசாக இருந்தது, என்ன ஆனாலும் சொல்லிவிடுவது என்று ஆகிவிட்டது.

டாக்டர் நிவேதிதா கோட்டைப் பார்த்தாள், ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள். "என்ன முடிவு பண்ணியிருக்கீங்க ஐயா?"

"எடுத்துரலாம் டாக்டர்" என்றார். குரல் நன்றாகவே வந்தது. "ஆனா அதுக்கு முன்னாடி… போன வாரம் நான் ஒண்ணு சொன்னேன். அது பொய்."

"எது?"

நர்ஸ் இருந்தாள். இருந்துவிட்டுப் போகட்டும். "வயசாயிருச்சுன்னு சொன்னேன். வயசாகல டாக்டர். எங்களுக்குக் கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம் மூணு மாசந்தான் ஆகுது. அது முக்கியமில்லன்னு சொன்னேன். முக்கியம்." காதெல்லாம் சுட்டது. பவளம் பக்கம் திரும்பத் தைரியம் வரவில்லை. அவள் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு குனிந்திருப்பாள் என்று நினைத்தார்.

"எனக்கும்" என்றாள் பவளம். அந்த அறையில் அவள் குரல் கணீரென்று கேட்டது. "ரெண்டு பேருக்கும்னு எழுதிக்கங்கம்மா. நோவ மிச்சம் வச்சிட்டு நரம்பக் காப்பாத்த வேண்டாம், எனக்கு இவர் உயிரோட வேணும். ஆனா காப்பாத்த முடியறத சும்மா வெட்டிப் போட்டுறவும் வேண்டாம்."

டாக்டர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது சௌந்தரபாண்டிக்கு. அவள் ஃபைலில் போன வாரத்து வரியைக் குறுக்கே அடித்தாள், கீழே நீளமாக என்னவோ எழுதினாள். புற்று வலது பக்கம் ஓரத்தில் இருக்கிறது, அங்கே தள்ளித்தான் வெட்ட வேண்டும், அந்த நரம்பு அனேகமாகப் போகும். இடது பக்கம் ஒட்டி வெட்டிப் பார்க்கலாம். உள்ளே போய்ப் பார்த்தால்தான் நிச்சயம் தெரியும், வாக்குக் கொடுக்க மாட்டேன், முதலில் நோய்தான். ஒரு நரம்பு தங்கினாலும் திரும்ப வர ஒரு வருஷம்கூட ஆகும், மாத்திரை இருக்கிறது, வேறு வழிகளும் இருக்கின்றன, வெட்கப்படாமல் இதே மாதிரி வந்து கேளுங்கள். "இத முன்னாடியே சொன்னது நல்லதாப் போச்சு" என்றாள். "நெறையப் பேரு எல்லாம் முடிஞ்சப்புறந்தான் சொல்றாங்க." காலண்டரைப் பார்த்து அடுத்த மாசம் பன்னிரண்டாம் தேதி வியாழக்கிழமை என்று சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.

வெளியே வந்தார்கள். வராந்தாவில் கொஞ்ச தூரம் வந்ததும் பவளம் நின்றாள். கண் நிறைந்திருந்தது. "ஒரு வாரமா நான் என்ன நெனச்சிட்டு இருந்தேன்னு தெரியுமா?" என்றாள். "முக்கியமில்லன்னு சொன்னீங்களே, என்னயத்தான் சொல்றீங்களோன்னு நெனச்சேன். இந்த மனுஷனுக்கு நான் சோறாக்க மட்டுந்தான் போலிருக்குன்னு."

"அய்யோ, அந்தப் பொண்ணு முன்னாடி வெக்கமாயிருச்சு பவளம். வேற ஒண்ணுமில்ல. நான் ஒரு முட்டாப்பய."

"அது தெரியும்" என்றாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவர் கையில் இருந்த சீட்டை வாங்கி விரலை விட்டு என்னவோ எண்ணினாள். படியில் இறங்க ஆரம்பித்துவிட்டு, அவரைத் திரும்பிப் பார்க்காமலே, "பன்னண்டாம் தேதிக்கு இன்னும் முழுசா மூணு வாரம் இருக்கு" என்றாள். அவள் சொன்னது அவருக்குப் புரிய நாலு படி ஆயிற்று. அதற்குள் அவள் கீழே போய் வெயிலில் நின்றுகொண்டு, திண்டுக்கல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், சீக்கிரம் வாங்க என்று கூப்பிட்டாள்.